கோட்டுக்கு வெளியே

புறநானூற்றின் 243ஆவது பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் அவர் ஊன்றி நிற்கும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை பேசும் ஒரு கிழவர், சின்ன வயதில் மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வாய்பிளக்க ஆழமான மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்ததை நினைத்துப் பார்க்கிறார். நிலையாமையைச் சொல்லும் பாட்டு என்று வகுப்பில் படித்திருப்போம். எனக்கு அது விளையாட்டை விட்ட ஒருவரின் பாட்டாகத்தான் படுகிறது. ஒரு திறமை, அதைச் செய்துகாட்டிய உடம்பு, அதைப் பார்க்கக் கரையில் நின்ற கூட்டம் என மூன்றும் அதில் இருக்கின்றன. கடைசியில் மூன்றும் போய்விட்டன.

ஆனால் அந்தக் கிழவருக்கு இது வாழ்வின் முடிவில் நடந்தது. அவர் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான். விளையாட்டு வீரருக்கு இதே இழப்பு முப்பது வயதில் வந்துவிடுகிறது. கூடப் படித்தவர்கள் அப்போதுதான் வேலை, வீடு, குழந்தை என்று ஏறிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் "ஒரு காலத்துல" என்று பேச ஆரம்பித்துவிடுவார்.

கம்பம் பள்ளத்தாக்கில், எங்கள் கே.கே.பட்டியிலும் (முழுப்பெயர் காமயகவுண்டன்பட்டி, அவ்வளவு நீளமாக ஊரில் யாரும் சொல்வதில்லை) சுற்றுப்பட்டியிலும் திருவிழா என்றால் கபடி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் பத்து வருசம் போல ஆடினார். கோப்பைகளை வைக்க வீட்டில் இடமில்லாமல் அரிசி மூட்டைக்கு மேலே அடுக்கியிருப்பார்கள். ஒரு ஆட்டத்தில் மூட்டு ஜவ்வு கிழிந்தது. இப்போது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறார், வேலை இல்லாத நாளில் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போகிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், "கால் இன்னும் வலிக்குதாண்ணே?"

"வலி கெடக்கட்டும் தம்பி. சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா ஒடம்பு தானா கெளம்புது. எங்க போறதுன்னு அதுக்குத் தெரியல."

இதற்கு என்ன ஆறுதல் சொல்வது? நம்மிடம் இரண்டுதான் கைவசம் இருக்கிறது. ஒன்று, "நீங்க ஆடுன ஆட்டம் யாருக்கு வரும், அத நெனச்சு சந்தோசப்படுங்க." இன்னொன்று, "விடுங்கண்ணே, வேற எதிலயாவது மனசத் திருப்புங்க." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் முதலாவது, ஆளைச் சுவரில் மாட்டிய போட்டோ ஆக்கிவிடுகிறது. அவர் கேட்பது இன்றைய சாயங்காலத்தைப் பற்றி. நாம் எடுத்து நீட்டுவதோ பழைய கோப்பையை. இரண்டாவது, அவர் பத்து வருசம் நேசித்த ஒன்றை, பழைய சட்டைக்குப் புதுச்சட்டை போல மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. அம்மாவை இழந்தவரிடம் இப்படிச் சொல்வோமா?

ஜெயித்தவர்களுக்கு இந்தத் துயரம் இருக்காது என்று நினைத்தால் அதுவும் தப்பு. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். தன் வாழ்வின் பெரிய மன நெருக்கடி அந்த வெற்றிக்குப் பிறகுதான் வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அத்தனை வருசம் ஒரே குறியை நோக்கிப் போன மனசுக்கு, அதை அடைந்ததும் மறுநாள் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியவில்லை. 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மைக்கேல் ஃபெல்ப்ஸும் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஆக, தோற்றவனின் வருத்தம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1993இல் பிரூவர் முதலான உளவியலாளர்கள் 'விளையாட்டு வீரர் என்ற அடையாளம்' ஒருவருக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அளக்க ஒரு அளவுகோல் செய்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு கேள்வி வைத்தார்கள்: இது ஹெர்குலிஸின் தசையா, அக்கிலீஸின் குதிகாலா? இரண்டும்தான். "நான் இதற்காகவே பிறந்தவன்" என்று நம்புகிறவன்தான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஓடுவான். ஓட்டம் நின்ற பிறகு அதே நம்பிக்கைதான் அவனைப் படுக்கவைக்கும்.

அப்படியென்றால் எது உதவும்? சாந்தி சௌந்தரராஜனின் கதையில் எனக்கு ஒரு பதில் தெரிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையின் பெயரால் அது பறிக்கப்பட்டது. மற்றவர்கள் விளையாட்டை விட்டு வருகிறார்கள். இவரிடமிருந்து விளையாட்டைப் பிடுங்கினார்கள், ஊர் உலகமெல்லாம் பார்க்க. அதற்குப் பிறகு அவர் செய்தது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தது. பணம் இல்லாமல் அதுவும் நின்று, 2012இல் செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. பிறகு பெங்களூரில் முறையாகப் பயிற்சியாளர் படிப்பு, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. பதக்கத்தைப் பறிக்கலாம், சாதனைப் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கலாம். எந்த வளைவில் மூச்சைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அவர் காலுக்குத் தெரிந்ததை யாராலும் பறிக்க முடியவில்லை. அதை இன்னொரு பிள்ளையின் காலுக்கு மாற்ற முடிந்தது.

ஆனால் எல்லாரும் பயிற்சியாளர் ஆக முடியாது. ஆகவேண்டும் என்று சொன்னால், இன்னும் பிரயோசனமாக இருந்தால்தான் உனக்கு மதிப்பு என்று பழைய விதியையே திரும்பவும் சுமத்துகிறோம். இந்த இடத்தில் எனக்கு அரசு வேலையின் அருமை புரிகிறது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த மணத்தி கணேசன் மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ரயில்வே, வங்கி, போலீஸ், மின்வாரியம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையை நாம் சம்பளமாக மட்டும் பார்த்தோம். ஆட்டம் நின்ற மறுநாளும் போய் உட்கார ஒரு நாற்காலியும், "சார், டீ சாப்பிட்டாச்சா?" என்று கேட்க நாலு பேரும் அதோடு சேர்ந்தே வந்தார்கள். ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற வீரர்களுக்கென்று 'ரீசெட்' என்ற திட்டம் தொடங்கியிருக்கிறது. படிப்பும் பயிற்சியும் தந்து விளையாட்டுத் துறையிலேயே வேலைக்குத் தயார்செய்வது. நல்ல காரியம். ஆனால் ஊர் மைதானத்தோடு நின்றுபோன ஆளுக்கு எந்தச் சான்றிதழும் இருக்காது. அவருக்கு இருப்பது ஊர் மட்டும்தான்.

ஊருக்கு என்ன கடமை என்று கேட்கலாம். அவர் இஷ்டப்பட்டுத்தானே ஆடினார், பேரும் புகழும் கிடைத்ததே? பதினாலு வயதுப் பையனின் இஷ்டம் என்பது பாதி நம் கைத்தட்டல். நாம்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து டோர்னமெண்டுக்குக் கூட்டிப்போனோம். நாம்தான் தோளில் தூக்கினோம். அந்த அடையாளத்தைச் செய்ததில் நமக்கும் பங்கு உண்டென்றால், அது உடையும்போது வேடிக்கை பார்க்க உரிமை இல்லை. மடுவின் கரையில் வாய்பிளந்து நின்றவர்களும் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறார்கள்.

இந்தக் கடனைத் தீர்க்கப் பெரிய காசு ஒன்றும் தேவையில்லை. கபடியில் அவுட்டானவர் வீட்டுக்குப் போவதில்லை. கோட்டுக்கு வெளியே, ஆட்டம் தெரிகிற தூரத்தில் வரிசையாக உட்காருகிறார். எதிரணியில் அவுட்டாக்கும் ஒவ்வொரு ஆளுக்கும், போன வரிசைப்படி ஒருவர் உள்ளே வருகிறார். வெளியே போவதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு இடம் வைத்திருக்கும் விளையாட்டு அது. ஆனால் ஒரேயடியாக வெளியே போனவருக்கு அப்படி ஒரு வரிசையை நாம் போடவே இல்லை. திருவிழா ஆட்டத்துக்கு நடுவராக, கோடு பார்ப்பவராகக் கூப்பிடலாம். வரமாட்டேன் என்றால் விட்டுவிடலாம். பார்க்கவே முடியாத அளவுக்கு வலிப்பவர்களும் உண்டு, அந்த வலிக்கும் மரியாதை வேண்டும். "அந்தக் காலத்துல எப்படி ஆடுவாப்ல" என்று அவர் காதுபட இறந்தகாலத்தில் புகழ்வதை நிறுத்தலாம். அதைவிட, இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பையனிடம் ஆட்டத்தைத் தவிர வேறு ஏதாவது இன்றைக்கே பேசலாம். என்ன படிக்கிறான், என்ன பாட்டுக் கேட்கிறான், அவன் கூட்டாளி யார் என்று. தன்னைக் கூப்பிட ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன என்பது, முட்டி நல்லா இருக்கும்போதே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.