தாயைத் தெரிந்த குற்றம்

கதை எழுதுகிறவர்களுக்கு அநாதைப் பிள்ளை என்றால் கொள்ளை ஆசை. அதட்டத் தகப்பன் இல்லை, தடுக்கத் தாய் இல்லை. எந்த ஊருக்கும் எந்தக் கப்பலிலும் ஏற்றி அனுப்பலாம். ஹென்றி ஃபீல்டிங் 1749இல் டாம் ஜோன்ஸை ஒரு செல்வந்தரின் படுக்கையில் கொண்டுபோய்க் கிடத்தினார். டிக்கன்ஸ் ஆலிவரை ஏழைகள் விடுதியில் பிறக்கவைத்தார். இருவரும் நல்ல குடும்பத்து ரத்தம் என்பது கடைசியில் தெரியவரும். நம்மிடமும் இதே வழக்கம்தான். ஆற்றோடு வந்த கர்ணன் சூரியனின் மகன்; துளசிச் செடியடியில் கிடைத்த ஆண்டாள் பூமிப்பிராட்டி. கடைசிவரை அநாதையாகவே இருந்துவிடுகிற பிள்ளையைக் கதைகளுக்குப் பிடிப்பதில்லை.

மணிமேகலையின் ஆபுத்திரன் மட்டும் வேறு ரகம். பெற்றவள் சாலி, பச்சைக் குழந்தையைத் தோட்டத்தில் போட்டுவிட்டுக் குமரிக்குப் போய்விடுகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. வயனங்கோட்டு இளம்பூதி எடுத்து வளர்க்கிறார். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துக் கொண்டுபோனதும் ஊரார் அவன் பிறப்பைக் கிளறுகிறார்கள். தாய் யார் என்று தெரிந்ததுதான் தாமதம், வளர்த்த தகப்பனே வீட்டைவிட்டுத் துரத்துகிறார். யாருக்கும் தெரியாதவரை அவன் பிள்ளை. தெரிந்த பிறகு யாருமில்லை. அப்புறம் அமுதசுரபி கிடைத்து, சாவகத்தில் மழை பொய்த்ததென்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். இந்தத் தீவுகளை நோக்கி வந்த தமிழ் அநாதைகளில் அவன் மூத்தவனாக இருக்கலாம். அவன் சோறு போடக் கிளம்பினான். பின்னால் வந்தவர்கள் சோற்றுக்காக வந்தார்கள்.

வந்தவர்களில் ஒரு பகுதி மலாயாவின் கேமரன் மலையேறியது. 1929இல் போ தோட்டம் தொடங்கியபின் இங்கே தேயிலை பரவியது. பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிற திரிங்காப்பில் இன்று பிளாஸ்டிக் கூரைக்கடியில் காய்கறிதான் அதிகம் கண்ணில் படும். ஆனால் இந்த மலையின் தமிழர் கதை கொழுந்துக் கூடையில் தொடங்கியது. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை உண்டு. தாய் திரும்பி வராத பிள்ளையை அடுத்த வீட்டுக்காரி இடுப்பில் தூக்கிக்கொள்வாள். எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது. போர்க்காலத்தில், 1942-43இல், சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவலாக்கினார்கள். சுவாமி சத்தியானந்தா 1949இல் தொடங்கிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அன்னை மங்களம் 2023இல் காலமாகும்வரை அந்தப் பணியில் இருந்தார்.

அநாதைப் பிள்ளை விஷயத்தில் எந்த நாவலாசிரியரையும் மிஞ்சிய கற்பனை மலேசிய அரசியலமைப்பில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை, பிரிவு 19பி. ஓரிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சிசு, அங்கேயே, அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும். கண்டெடுத்த நாளே பிறந்த நாள். மாறாக நிரூபணமாகும்வரை இது செல்லும். பெற்றோரைத் தேடி நிரூபிப்பது அந்தப் பிள்ளையின் வேலையல்ல என்று கூட்டரசு நீதிமன்றமும் 2021 நவம்பரில் சொன்னது. இந்தப் பிரிவைத் திருத்தப் புறப்பட்ட அரசாங்கம், எதிர்ப்பு வலுத்ததும் 2024 மார்ச்சில் பின்வாங்கியது. குப்பைத்தொட்டியில் கிடந்த சிசுவுக்கு நாடே தாய்க்காரியைக் கற்பித்துத் தருகிறது. இரக்கமான சட்டம், சந்தேகமில்லை.

ஆனால் தோட்டத்துப் பிள்ளை தொட்டியில் கிடப்பதில்லை. வளர்த்தவளைப் பதிவு இலாகா முகப்பில் நிறுத்தி, பெற்றவள் யார் என்று கேட்டால், "கீழ் லயத்துல இருந்துச்சே, அந்தப் பொண்ணோட புள்ளங்க. பெத்துப் போட்டுட்டுச் செத்துப்போச்சு. நாந்தான் வளக்கிறேன்" என்பாள், சத்தியத்துக்குப் பயந்தவள். அத்தோடு 19பி அவளுக்குக் கைகொடுக்காது. தாயைத் தெரியும், தாயிடம் பத்திரம் இருந்ததா என்பதுதான் தெரியாது. தகப்பன் இந்த நாட்டுக் குடிமகனே என்றாலும், கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பிள்ளை தாயின் கணக்கில்தான் சேரும். பன்னிரண்டு வயதில் வகுப்புப் பிள்ளைகள் அடையாள அட்டைக்குப் போகும்போது இவன் மட்டும் தங்கிவிடுவான்.

எனவே தொட்டியில் கிடந்த பிள்ளையை வைத்து நாவல் எழுதுகிறவருக்குப் பழைய உத்தி எதுவும் உதவாது. கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவி வந்து, தோளில் மச்சத்தைப் பார்த்து, கண்ணீர் மல்க, "இவன் இன்னாரோட மகன்" என்று அடையாளம் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் கண்டெடுத்த பிள்ளை என்று கிடைத்த குடியுரிமைக்கே ஆபத்து.