தொண்ணூறு விநாடியில் ஓர் அபாவம்

கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓடுகின்றன. பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் கடிகாரம் 1 நிமிடம் 30 விநாடியைத் தொட்டதும், எதுவுமே நடக்காததுபோல் லினக்ஸ் எழுந்துகொள்கிறது. ஒரே வட்டில் இரண்டாவதாக இன்னொரு லினக்ஸை நிறுவியவர்கள் பலருக்கு இது பழகிய காட்சி. புதிதாக வந்தது ஸ்வாப் பகுதியை மறுபடி ஃபார்மேட் செய்திருக்கும். அதன் அடையாளமான யூயூஐடி எண் மாறியிருக்கும். எந்தெந்த வட்டுப் பகுதிகளை இணைப்பது என்று பட்டியலிடும் பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்தான். எங்குமே இல்லாத ஒன்றுக்காக அது தினமும் காத்திருக்கிறது.

இல்லாமையை எப்படி அறிவது? இந்திய தர்க்க மரபில் இது பெரிய வழக்கு. குமாரில பட்டரின் மீமாம்சை இதற்கென்றே அனுபலப்தி (காணாமை) என்ற தனிப் பிரமாணத்தை, அதாவது அறியும் வழியை, வைத்தது, அத்வைதிகளும் ஏற்றார்கள். நையாயிகர்கள் ஒப்பவில்லை, இல்லாமையும் புலனுக்கே எட்டும் என்றார்கள். மணிமேகலையில் அளவைவாதி சொல்லும் பிரமாணங்களில் அபாவமும், அதாவது இல்லாமையும், உண்டு. ஆனால் காணாததெல்லாம் இல்லாததாகிவிடாது. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகுமா? இருந்தால் தெரிந்தே தீரும் என்ற நிலையிலும் தெரியாமல் போனால்தான் அது அறிவு. அந்தத் தகுதிக்கு யோக்கியதை என்று பெயர்.

2010-ல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கிய, லினக்ஸை எழுப்பும் நிரலான சிஸ்டம்டி, 90 விநாடியை அந்த யோக்கியதையாகக் கொள்கிறது. வட்டு இருந்தால் அதற்குள் தென்பட்டிருக்கும் என்பது கணக்கு. விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம், எந்தத் தேற்றமும் தந்த எண் அல்ல. தரவும் முடியாது. தாமதத்துக்கு வரம்பே இல்லாத வலையில், ஒரே ஒரு கணினி செத்துப்போகலாம் என்றாலே மற்றவை உறுதியாக ஒருமித்த முடிவுக்கு வர வழியில்லை என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-ல் நிறுவினார்கள். மெதுவாக வருகிறதா, செத்தேவிட்டதா என்று பிரித்தறிய முடியாததுதான் அங்கே சிக்கல்.

அதற்காகப் பொறுமையை முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. வலைவழிக் கோப்புகளுக்கான என்எஃப்எஸ், சர்வர் வாய் திறக்காவிட்டால் இயல்பாகவே முடிவின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் பெயர் 'ஹார்ட்' மவுண்ட். 'சாஃப்ட்' என்று மாற்றினால் சில முயற்சிகளுக்குப் பின் பிழை சொல்லிக் கைவிடும். அப்படிக் கைவிடுவதால் தரவு சத்தமில்லாமல் சிதையலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எவ்வளவு காத்திருப்பது என்பதை, தவறாகச் சொல்லும் 'இல்லை' எவ்வளவு சேதம் செய்யும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

காணாமற்போன ஸ்வாப்பில் சேதமே இல்லை; எஃப்எஸ்டேப்பில் அதன் வரியில் புதிய எண்ணை எழுதினால் போதும். கழற்றி மாட்டும் பேக்கப் வட்டு அப்படியல்ல. அதன் வரியில் 'நோஃபெயில்' என்று குறிக்காவிட்டால், வட்டு இல்லாத நாளில் கணினி அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். குறித்தால் ஒழுங்காக எழும். ஆனால் வட்டு வரவில்லை என்பது சிஸ்டம்டிக்குத்தான் தெரியும், பேக்கப் நிரலுக்குத் தெரியாது. அது வட்டு வந்து இணைய வேண்டிய வெற்று அடைவைக் கண்டு, வட்டு இருப்பதாகவே எண்ணி, ரூட் வட்டு நிரம்பும்வரை எழுதித் தள்ளும்.