வாசித்துக் காட்ட முடியாத வாத்தியார்

கச்சேரி குறைந்துபோன வித்வானைப் பற்றிப் பேச்சு வந்தால், "இப்ப நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்கார்" என்று இரக்கத்தோடு சொல்வது நம் வழக்கம். மேடை மேல்படி, வகுப்பறை கீழ்ப்படி என்ற கணக்கு அந்த இரக்கத்துக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு சரிதானா என்று யோசிக்கும்போதெல்லாம் லியான் பிளைஷர் என்ற அமெரிக்க பியானோ கலைஞர் என் நினைவுக்கு வருவார்.

1928இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலிடம் சேர்த்துவிட்டார்கள். ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னிக்குக் கற்றுக்கொடுத்தவர் பீத்தோவன். அப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த பையன் 16 வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தான். 1952இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. பிறகு ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ராவுடன் பீத்தோவன், பிராம்ஸ் கன்சர்ட்டோக்களை இசைத்தட்டில் பதிவுசெய்தார்.

முப்பத்தாறு வயதை ஒட்டி வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தன. பியானோவில் மெட்டு பெரும்பாலும் வலக்கைப் பக்கம்தான். அதன் உச்ச ஸ்வரங்களைத் தாங்குவது இந்த இரண்டு விரல்களே. ஃபோகல் டிஸ்டோனியா என்பது நோயின் பெயர். பல வருஷம் அந்தப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கோளாறு விரலில் இல்லை. ஓயாமல் ஒரே அசைவில் பழகிய மூளை, தசைகளுக்குத் தப்பான உத்தரவு அனுப்பத் தொடங்கிவிடுகிறது. ஆளாக்கிய சாதகமே ஆளைக் கவிழ்ப்பது கொடுமைதான். தற்கொலை எண்ணம்வரை போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பால்டிமோரில் உள்ள பீபடி இசைக்கல்லூரியில் 1959 முதலே அவர் ஆசிரியர். மாணவன் ஓரிடத்தில் திணறினால் அவனை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடலாம். கை மடங்கியபின் அது முடியாது, வாயால்தான் சொல்லியாக வேண்டும். வாசித்துக் காட்டினால் மாணவன் காதால் பிடித்துக்கொண்டு அப்படியே வாசித்துவிடுவான். இந்த ஸ்வரத்துக்கு முன்னால் ஏன் கொஞ்சம் நின்று போக வேண்டும், இடக்கை ஏன் இங்கே அடங்கிப் போக வேண்டும் என்று விளக்குவதென்றால், வாத்தியார் முதலில் தனக்கே விளக்கிக்கொள்ள வேண்டும். இந்த நெருக்கடிதான் தன்னை நல்ல ஆசிரியராக்கியது என்பது பிளைஷரின் கணிப்பு. பியானோ கலைஞர்கள் ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜோனதன் பிஸ் எல்லோரும் அவரிடம் பயின்றவர்கள்.

இடையில் சும்மாவும் இருக்கவில்லை. ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவெல் எழுதிய இடக்கைக் கன்சர்ட்டோவை ஊர் ஊராக வாசித்தார். 1990களில் போடாக்ஸ் ஊசி விரல்களை ஓரளவு இளக்கியது. 2004இல் இரு கைகளாலும் வாசித்த 'டூ ஹேண்ட்ஸ்' என்ற இசைத்தட்டு வந்தது.

எல்லாம் நன்மைக்கே என்று இதற்கு முத்திரை குத்த எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷ வலக்கை வாசிப்பு போனது போனதுதான். ஆனால் தன் உறவு இசையோடுதானே, இரண்டு கைகளோடு மட்டும் இல்லையே என்று அவர் கண்டுகொண்ட இடம் முக்கியமானது. நம்மில் பலர் நம் பெயரை ஏதோ ஒரு திறமையில் மாட்டி வைத்திருக்கிறோம்: குரல், ஞாபகசக்தி, நாற்காலி. அது கழன்று விழுந்தால் ஆளே இல்லை என்றாகிவிடுகிறது. எழுதிப் பிழைக்கும் எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. நான் பிடித்துக்கொண்டிருப்பது எழுத்தையா, எழுதுகிறவன் என்ற பெயரையா?

பிளைஷர் தன் பதிலைச் செய்தே காட்டிவிட்டார். கை திரும்பியது, மேடையும் திரும்பியது. வகுப்பை மட்டும் அவர் விடவில்லை. 2020இல், 92 வயதில் இறக்கும்வரை ஆசிரியராகவே இருந்தார். போக்கிடம் இல்லாமல் ஒதுங்கிய இடமாக அது இருந்திருந்தால், விரல் நிமிர்ந்த அன்றே எழுந்து போயிருப்பார்.