சூசையப்பர் திருநாளும் இரவு டியூட்டிக்காரரும்

திருத்தந்தை பன்னிரண்டாம் பியுஸ் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். செங்கொடி ஏறும் நாளில் நாசரேத்துத் தச்சருக்கும் ஒரு கொடி ஏறட்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு அன்று விடுமுறை. திருநாளுக்கு அது வசதி. ஜோலார்பேட்டை நிலைமை வேறு. 1864-இல் பெங்களூர்ப் பாதை பிரிந்ததிலிருந்து ரயிலை நம்பி வளர்ந்த ஊர் அது. ரயிலுக்கு மே தினம் கிடையாது.

தேருக்கும் வாணவேடிக்கைக்கும் கொட்டும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்பது திருவிழாக்கள் மீது வழக்கமாக வைக்கப்படும் கேள்வி. பெத்தானியாவில் பரிமளத் தைலம் இயேசுவின் பாதத்தில் ஊற்றப்பட்டபோது இதே கேள்வியைக் கேட்டவன் யூதாஸ் என்கிறது யோவான் நற்செய்தி. நான்காம் நூற்றாண்டு மறையுரையாளர் புனித கிறிசோஸ்தோமோ, பசித்தவனை வாசலில் விட்டுவிட்டுப் பீடத்துக்குப் பொன் பூட்டுவதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அலங்காரமே கூடாது என்று அவரும் சொல்லவில்லை; முதலில் பசியாற்று, மிஞ்சியதில் அலங்கரி என்றார். ஆண்டு முழுதும் மெஷினில் குனிந்து ஷூ தைக்கும் பெண்ணுக்கு விளக்கு ஜோடித்த சப்பரம் ஓர் இரவு கிடைக்கிறது. அதை வீண்செலவு என்பவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு மாலையைக்கூடக் குறைப்பதில்லை.

ஆகவே செலவு குற்றமில்லை. அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டால் மாதச் சம்பளக்காரர் சிரித்துக்கொண்டே தருவார், தினக்கூலிக்காரர் கடன் வாங்கித் தருவார். கொடுத்தவர் பெயர்களை மைக்கில் வாசிக்கும்போது கொடுக்காதவர் யார் என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. வரியை வாங்கிக்கொண்டு தேரை மட்டும் தலித் தெருவுக்கு அனுப்பாத ஊர் செய்வது அப்பட்டமான திருட்டு. உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் 2008-இல் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்குத்தளம் கேட்டதற்குப் பின்னால் இருந்ததும் ஒதுக்கலின் வலிதான்.

வரி கட்டாமலே பாரம் சுமப்பவரும் உண்டு. விடியவிடிய வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் உறங்கும் லோகோ பைலட் அவர். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். பகல் தூக்கக்காரருக்கு அதனால் பெரிய பயனில்லை. ‘வருஷத்துக்கு ஒருநாள்தானே, பொறுத்துக்கோங்க’ என்பார்கள். ஒன்பது நாள் நவநாளைச் சேர்த்தால் அது ஒருநாளோடு முடிவதில்லை. அவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், யாரும் அவரிடம் சம்மதம் கேட்டதில்லை. தூக்கம் கெட்ட கண்களோடு அன்றிரவு அவர் ஓட்டும் வண்டியில் ஆயிரம் பேர் அவரை நம்பிக் கண்ணயர்வார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூம்பு ஸ்பீக்கரில் அலறும் பாட்டால் உழைப்பாளிப் புனிதருக்கு என்ன மகிமை?

தேர் பவனியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பகலில் ஸ்பீக்கர் கோவில் வளாகத்துக்குள் அடங்கியிருக்கட்டும், வரிக்குப் பதில் உண்டியல் வைக்கட்டும். நோட்டீஸ் அச்சடிக்கும் முன் விழாக்குழுவினர் இருவர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் போய், யாருக்கு எப்போது டியூட்டி என்று ஒரு வார்த்தை கேட்டு வந்தால் போதும்.