பாயும் பாத்திரமும்



"மௌலவி சாஹிப், பிளாஸ்டிக் சாமான் புழங்குவது ஹராமா?" என்று சில வீடுகளிலிருந்து கேட்டனுப்புகிறார்கள். எப்பொருளும் அடிப்படையில் ஆகுமானதே. தடுப்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும் என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. எனவே வாளியையும் குடத்தையும் ஹராமென்று சொல்ல நான் துணியமாட்டேன்.

ஆனால், ஒரு நாழிகை புழங்கிவிட்டுத் தெருவில் எறிகிற பையின் சங்கதி வேறு. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் (7:31) அல்லாஹுத் தஆலா விரயத்தைத் தடுத்திருக்கிறான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்றென்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, அகற்றவேண்டியவனே கொண்டுபோய்ப் போட்டால் என்ன பெயர்? பை அடைத்துச் சாக்கடை பொங்கி, ஒளுச் செய்து வருகிறவரின் கைலியில் நஜீஸ் தெறிக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய பைகளுக்கும் குவளைகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் அரசின் தடையும் இருக்கிறது.

ரமளானில் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு வாங்கி வருகிறோம். சூடுபட்டால் பிளாஸ்டிக்கிலுள்ள இரசாயனம் உணவில் இறங்கக்கூடும். அஸருக்குப் பின் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பது கௌரவக் குறைவல்லவே! பாத்திரம் கொண்டுவந்தால்தான் கஞ்சி என்று முத்தவல்லிமார்கள் ஷஃபானிலேயே அறிவித்துவிடலாம். வெறுங்கையோடு வரும் முஸாஃபிருக்காகப் பள்ளியில் சில எவர்சில்வர் கிண்ணங்கள் இருந்தால் போதும்.

தொழும் பாய்க்கு வருவோம். முலைக்கா (ரலி) அவர்கள் வீட்டு விருந்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சென்றபோது, நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாயில் தண்ணீர் தெளித்து விரித்தார்கள்; அதன்மீது நின்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இது புகாரியில் வருகிறது. நம் பக்கத்தில் பத்தமடைக் கோரைப் பாயை நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். அவர்கள் கைத்தொழிலை விட்டுவிட்டு, வெயிலில் கிடந்தால் இழை இழையாய் நொறுங்கும் பிளாஸ்டிக் பாயை வாங்கி விரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கோரைக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் நிழலில் உலர்த்திவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் தொல்லை.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டுப் புது எவர்சில்வர் அடுக்கு வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கடன் வாங்கி அடுக்குகிறவர்களையும் பார்க்கிறோம். அதுவும் விரயம்தான், அக்கம்பக்கத்தார் பார்க்கவென்று அடுக்கினால் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் குவளை பிளவுபட்டபோது எறியப்படவில்லை. பிளந்த இடத்தில் வெள்ளிக் கம்பியிட்டுப் பிணைக்கப்பட்டது. இதுவும் புகாரியில் உள்ளதே. வாளியின் பிடி அறுந்தால் நாமும் கம்பி கட்டிப் புழங்கலாம். அது ஓட்டை விழுந்து இனி உதவாது என்றான பின் எவர்சில்வரோ, தகரமோ சக்திக்கேற்ப வாங்குங்கள். பித்தளை வாங்குவோர் ஈயம் பூசாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்க வேண்டாம்.

சூடான ஆணத்தையும் சோற்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பதை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம். அந்த டப்பாக்கள் ஊசியும் நூலும் பொத்தானும் போட்டுவைக்க ஆகும்.