வழி சொன்னவர்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்றை விடுத்தால், ஏனைய நான்கின் செய்தியும் ஒன்றே. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியைச் சொல்லி அனுப்புகிறான். இன்னொருவன் போனால் தனக்குக் குறைந்துவிடுமே என்று அவன் அஞ்சவில்லை. ஆசான் என்றும் உஸ்தாது என்றும் நாம் போற்றும் உறவை அளப்பதற்கு இதைவிடத் தக்க அளவுகோல் நமக்குத் தோன்றவில்லை.

தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் இளையவர்க்குக் கற்றுக்கொடுப்போர் உண்டு. ஆனால் கடைசி நுணுக்கத்தை மட்டும் கைக்குள் மூடிக்கொள்வோரும் அவர்களே. தம் நிழலிலேயே ஒருவனை நிறுத்தி வைப்பவரை வழிகாட்டி என்பது பொருந்துமா?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) வாழ்ந்த நாளில் ஏடுகள் அரியவை; பாடம் சொல்ல வல்லவர் அவற்றினும் அரியர். தண்டியலங்காரம் கற்பதற்காக, பிச்சையெடுத்து உண்ட பரதேசி ஒருவரின் பின்னே அவர் தெருத்தெருவாக நடந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய உ. வே. சாமிநாதையர் கூறுகிறார். அவ்வாறு பெற்றதை அவர் பூட்டி வைத்தாரில்லை. கடன் நெருக்கிய காலத்திலும் மாணாக்கர்க்குச் சோறிட்டுப் பாடம் சொன்னார். சைவத்தில் ஊறிய அப்பெரியாரிடம் கிறித்தவரான சவரிராயலு நாயக்கர் பயின்றார். நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் பயின்றார். அந்நாவலர் பிற்காலத்தில், 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தைக் குறித்துப் பாடிய நூல் ஒரு புலவராற்றுப்படை என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

ஆசிரியர் மறைந்தபின் அவர் பண்பு எங்கே தங்கியது? மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். 1880இல் உடல்நலம் குன்றி ஓய்வுபெற விரும்பியபோது, தம் இடத்துக்கு இருபத்தைந்து வயது இளைஞரான சாமிநாதையரைத் தாமே தேடி வந்து அழைத்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ அவரைப் பிரிய மனமில்லை, ஆயினும் விடைகொடுத்தார். செட்டியார் கொடுத்ததைப் பலரும் புகழ்கின்றனர். நம் கண்ணுக்குத் தேசிகர் விட்டுக்கொடுத்ததும் அதற்குக் குறைந்ததன்று.

ஆயினும் எந்த ஆசானும் முழுவழியும் அறிந்தவரல்லர். அதே 1880இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சிறிதும் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை.

அப்படியானால் பிள்ளையவர்களிடம் கழித்த ஆண்டுகள் வீணோ? நாம் அவ்வாறு கருதவில்லை. முதலியார் கேள்வியையும் ஏட்டையும் தந்தார். அவ்வேட்டைப் பிரித்துச் சொல் சொல்லாக நின்று பொருள் தேடும் பொறுமையைத் தந்தவர் பிள்ளை. சமணக் காப்பியமாகிய அதில் விளங்காதவற்றை ஐயர் கும்பகோணத்துச் சமணரிடமே சென்று கேட்டார். பரதேசியின் பின்னே நடந்தவரின் மாணாக்கர்க்கு அது நாணத்தக்கதாகப் படவில்லை. சிந்தாமணி 1887இல் அச்சேறியது.