கருவி யாருக்குரியது?

தச்சன் தன் உளியை இரவல் கொடுக்க விரும்பமாட்டான். அதன் பிடி அவனுடைய உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதன் கூர் அவன் அழுத்தும் விதத்திற்கு இணங்கியிருக்கும். கருவியை மனிதன் ஆக்குகிறான். பின்னர் அக்கருவியைப் பயின்று பயின்று தன் கையையும் அவனே ஆக்கிக்கொள்கிறான். குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பங்கினை ஆராய்ந்து 1876இல் எங்கெல்ஸ் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட கட்டுரைக்கு இவ்வுறவே அடிப்படை.

தச்சனுக்கு உளி சொந்தம். காரியாலய ஊழியனுக்குக் கணினி சொந்தமன்று. ஆயினும் ஆண்டுக்கணக்காக அதனோடு பழகி, எழுத்தின் பருமன், திரையின் நிறம், விசைகளின் இசைவு என்று சிறிது சிறிதாகத் தனக்கேற்ப அதனை அமைத்துக்கொண்டவன் அவனே. கணினியின் அடித்தளமான பணிசெயல் முறைமையை நிறுவனம் ஒரே இரவில் மாற்றிவிடலாம். சட்டப்படி அதற்கு உரிமையுண்டு. அவ்வாறு மாற்றுகையில் ஊழியன் அமைத்துக்கொண்டவை யாவும் அழிந்துபோகுமாயின், அழிந்தது யாருடைய உடைமை? இது வெறுந் தொழினுட்ப வினா என்று வாசகர் கருதலாம். சில காலத்திற்கு முன்வரை நானும் அவ்வாறே கருதினேன்.

என் நண்பர் ஒருவர் அரச திணைக்களமொன்றில் இலிகிதர். பிறவியிலேயே பார்வையற்றவர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் பிறரிலும் விரைவாகப் பார்த்து முடிப்பவர். புதியவர் கேட்டால் ஒரு சொல்லும் விளங்காத வேகத்தில் அவருடைய கணினி பேசும். அவருக்கோ அது நிதானமான பேச்சு. ஊர்ப் பெயர்களையும் திணைக்களத்தார் வழங்கும் சுருக்கங்களையும் அக்குரல் பிழையாக உச்சரித்தபோதெல்லாம் திருத்தித் திருத்தி, ஓர் உச்சரிப்பு அகராதியையே அதனுள் சேர்த்து வைத்திருந்தார். ஏழாண்டு உழைப்பு அது.

2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதனையொட்டி நண்பரின் திணைக்களமும் எல்லாக் கணினிகளையும் வெறுமையாக்கி, ஒரே அச்சில் வார்த்தாற்போல விண்டோஸ் 11ஐ அவற்றில் நிறுவியது. திங்கட்கிழமை காலை நண்பர் தம் ஆசனத்தில் அமர்ந்தார். கணினி பேசவில்லை.

திரைவாசிப்பானை மீண்டும் நிறுவ நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மென்பொருட் பட்டியலிலோ அதன் பெயர் இல்லை. வெளிச் சேமிப்புக் கருவியிலிருந்து இயக்கலாமெனில், அதனைச் செருகுவதும் தடை. விண்டோஸுடன் கூடவே வரும் நரேட்டர் என்னும் வாசிப்பான் இருந்தது. அதற்குரிய விசைகளை அழுத்தியபோது அது பேசவுஞ் செய்தது. ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே பேசியது. தமிழ்க் குரலைச் சேர்க்கும் இடத்திலும் பூட்டு. தமிழ்க் கடிதங்களின் மீது அது மௌனமாக ஊர்ந்து சென்றது.

பன்னிரண்டு வேலைநாட்கள் அவ்வாறு கழிந்தன. காலையில் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவார். மாலையில் ஒப்பமிட்டு வீடு திரும்புவார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. யாவரும் இரங்கினர். மேலதிகாரி ஒருநாள் அருகில் வந்து தோளைத் தொட்டு, “சம்பளம் வருகுதுதானே, நீர் ஆறுதலாய் இரும்” என்றார். அதனை என்னிடம் கூறியபோது நண்பரின் குரல் மாறிற்று. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன் என்றார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய நல்ல மனத்திலேதான் சிக்கல் இருக்கிறது. வேலையை எடுத்துவிட்டுக் கூலியை மட்டும் கொடுப்பது இழப்பீடு ஆகாது. உழைத்துப் பெற்றபோது அப்பணம் ஊதியம்; உழைக்க வழியடைத்தபின் கொடுத்தால் அதே பணம் பிச்சை. தொகையில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் பெறுபவனின் நிலை தலைகீழாகிவிட்டது. பார்வையற்றவன் உண்மையில் வேலை செய்பவனல்லன், மனிதாபிமானத்தால் வைத்திருக்கப்படுபவன் என்னும் பழைய எண்ணம் மேலதிகாரியின் உள்ளத்தில் எங்கோ உறங்கிக் கிடந்திராவிட்டால், பன்னிரண்டு நாட்களை அவர் அத்துணை எளிதாகக் கடந்திருக்க முடியாது. கண்ணுள்ள இலிகிதர்கள் இருபதுபேரின் திரைகள் ஒரே காலையில் இருண்டிருந்தால், அன்று பிற்பகலுக்குள் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஆள் வந்திருக்கும் அன்றோ?

மறுதரப்பின் வாதத்தையும் கேட்கவேண்டும், அது இலேசானதன்று. பழைய முறைமையை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. 2017 மே 12ஆந் திகதி ‘வன்னாகிறை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் பல மருத்துவமனைகள் அதனைத் தம் கணினிகளில் இடவில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாமெனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அச்சந்திப்புகளுக்குக் காத்திருந்த நோயாளிகளும் உழைக்கும் மக்களே. ஆகவே பூட்டை இறுக்குவோரும் ஒரு நியாயத்தின் பக்கமே நிற்கின்றனர். ‘ஒருவருக்காக இருநூறு பேரின் பாதுகாப்பைக் கைவிடுவதா?’ என்று அவர்கள் கேட்பார்கள்.

கேள்வி அமைக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். ஒருவர் ஒருபுறம், இருநூறு பேர் மறுபுறம் என்று தராசை நிறுத்தியபின் எண்ணிக்கை வெல்லத்தான் செய்யும். ஆனால் தராசை நிறுத்தியது யார்? விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 ஒக்டோபரில். பழையதற்கு நான்காண்டு அவகாசம் இருந்தது. தீப்பிடித்த வீட்டில் யாரை முதலில் தூக்குவது என்பது வேறு. நான்காண்டு முன்னறிவித்து வந்த மாற்றத்தில் யாரை முதலில் கேட்பது என்பது வேறு. இரண்டாவதை முதலாவதுபோலக் காட்டுதல் சிந்தனைச் சோம்பல், அதற்கு ஒழுக்கவியலின் போர்வை வேண்டியதில்லை.

இத்துன்பம் புதிதுமன்று. 1980களின் கணினித் திரை பெரும்பாலும் எழுத்துக்களால் ஆனது: வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. எழுத்துக்கள் நினைவகத்தில் எழுத்துக்களாகவே கிடந்தமையால் அவற்றை எடுத்துக் குரலாக்குதல் எளிதாயிருந்தது. 1978இல் விபத்தொன்றிற் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் தமது ‘ஜோஸ்’ திரைவாசிப்பானை 1989இல் வெளியிட்டதும் இத்தகைய கணினிக்காகவே. பார்வையற்றோர் பலர் அக்கருவியாற் காரியாலயங்களில் வேலை பெற்றனர். பின்னர் சாளரங்களும் சித்திரங்களும் கொண்ட திரை வந்தது. கண்ணுள்ளோர் அதனை விடுதலையென வரவேற்றனர். ஆனால் எழுத்து இப்போது எழுத்தன்று, புள்ளிகளாலான படம். அதனைத் திரைவாசிப்பான் இலகுவில் வாசிக்க இயலாது. ஒரு சாராருக்குக் கதவு திறந்த அதே அசைவில் மறுசாரார்மீது கதவு சாத்தப்பட்டது.

1995இல் விண்டோஸ் 95 வெளிவந்த வேளையில், அதனை அரச காரியாலயங்களுக்கு வாங்குவதைப் புறக்கணிக்க நேருமென ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலிருந்து எச்சரிக்கை எழுந்தது. அதன் முன்னணியில் நின்றது அம்மாநிலத்தின் பார்வையற்றோர் ஆணையம். மென்பொருளுக்கும் திரைவாசிப்பானுக்கும் இடையே தகவலைக் கடத்தும் ஏற்பாடு ஒன்றினை 1997இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. கதை அங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்த ஏற்பாட்டுக்கு இசைந்திருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் புதிய, நான்காம் பதிப்பு அதே ஆண்டு செப்டெம்பர் இறுதியில் வந்தபோது, முந்திய பதிப்பில் இருந்த அவ்வசதி அதில் விடப்பட்டிருந்தது! பார்வையற்றோர் கண்டனக் குரல் எழுப்பினர். ஆண்டு முடிவதற்குள் திருத்திய பதிப்பு வந்தது. முன்னேற்றம் தானாகவே எல்லாரையும் ஏற்றிச் செல்லும் வாகனம் என்று நம்புவோர் இச்சில மாதங்களின் வரலாற்றைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும். கொடுக்கப்பட்டது பறிக்கப்பட்டது; பறிக்கப்பட்டது கேட்டபின் மீண்டது.

‘தரமுயர்த்தல்’ என்னும் சொல்லும் இங்கே நம்மை மயக்குகிறது. பாடசாலையொன்று தரமுயர்த்தப்பட்டால், அதனால் எந்தப் பிள்ளைக்கு இடமில்லாமற் போகிறது என்று கேட்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. கணினி தரமுயர்த்தப்படும்போது அவ்வாறு கேட்போர் அரிது.

நமது சட்டமும் வாசலோடு நின்றுவிட்டது எனலாம். அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுக்குறைந்தோருக்கு ஒதுக்குமாறு 1988இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. வலுக்குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் இயற்றப்பட்ட 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. இவை சேர்ப்பதைப் பற்றியவை. சேர்ந்தவன் எட்டாம் ஆண்டில், திங்கட்கிழமைக் காலையொன்றில், வேலை செய்ய முடியாதவனாக்கப்பட்டால் என்ன செய்வது? 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சமவாயம் இதனை நன்குணர்ந்திருந்தது. அதன் 27ஆம் உறுப்புரை வேலையிற் சேர்வதோடு வேலையில் தொடர்வதையும் சேர்த்தே கூறுகிறது. 2016இல் இலங்கை அச்சமவாயத்தைப் பின்னுறுதிப்படுத்தியது. ஆயின் ‘தொடர்தல்’ என்பது ஒரு மென்பொருட் பட்டியலில் ஒரு வரியாகவும் இருக்கக்கூடும் என்பது திணைக்களங்களுக்கு இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை.

‘எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே முறை, ஒரே பிரதி, நாங்கள் யாரையும் வேறுபடுத்தவில்லை’ என்பது திணைக்களத்தின் விடை. சமத்துவத்தை விரும்பும் நம்மை இவ்விடை சற்றுத் தடுமாறச் செய்யும். ஆனால் ஒரே செயல் ஒருவருக்கு அரைமணி நேரத் தொல்லையாகவும் இன்னொருவருக்குத் தொழிலிழப்பாகவும் முடியுமாயின், அச்செயலின் ஒருமையில் நீதி எங்கே இருக்கிறது? நண்பர் சலுகை கேட்கவில்லை. பிறர் தரமுயர்த்தலின் மறுநாளும் வேலை செய்தனர். தாமும் மறுநாள் வேலை செய்யவேண்டும் என்றே கேட்டார்.

ஆகவே மாற்றத்தைத் தடுக்கவேண்டுமென்று நான் கூறவில்லை. வரிசையை மாற்றவேண்டும் என்கிறேன். எவருடைய கருவி எளிதில் உடையுமோ அவரிடம் புதிய முறைமை முதலிற் செல்லட்டும். ஒரு மாதம் முன்னதாக ஒரு கணினியை அவருக்குக் கொடுத்து, அதில் வேலை நடக்கிறது என்று அவர் கூறியபின் மற்றைய கணினிகளைத் தொடலாம். நண்பர் ஏழாண்டு சேர்த்த அமைப்புகளும் உச்சரிப்பு அகராதியும் சிறியதொரு கோப்புறைக்குள் அடங்கியிருந்தன. அதனைப் பிரதிசெய்ய ஒரு நிமிடம் போதும். செலவு இங்கே தடையன்று. பார்வையற்ற இலிகிதர் ஒருவரின் சொல்லுக்காகத் திணைக்களம் காத்திருப்பதா என்னும் மனத்தடையே தடை. மனுக்கொடுப்பவராக இருந்தவர் தீர்ப்புக் கூறுபவராக மாறுகிறார். அதிகாரம் அதனை இலகுவில் ஏற்பதில்லை.

பட்டியலில் இடம்பெறாத அந்தத் திரைவாசிப்பானைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்விடிஏ என்பது அதன் பெயர். அக்காலத்துத் திரைவாசிப்பான்களின் விலை கணினியின் விலையையே மிஞ்சிய நிலையில், 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்னும் இளைஞர் அதனை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றோர். அதனை இலவசமாகவே வழங்கினர்; அதன் மூலநிரலையும் யாவர்க்கும் திறந்துவைத்தனர். அது தமிழையும் வாசிக்கும். தம் கருவியைத் தாமே ஆக்கிக்கொண்ட தொழிலாளரின் ஆக்கம் அது; பாதுகாப்பின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்டதும் அதுவே.

பதின்மூன்றாம் நாள் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒருவர் வந்து அதனை நிறுவிச் சென்றார். அகராதி போனது போனதுதான். ஊர்ப் பெயர்களை நண்பர் மீண்டும் ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறார். ஓர் இடத்தில் மட்டும் கணினி இன்னும் பேசுவதில்லை. கடவுச்சொல் கேட்கும் முதற்றிரையிலும் வாசிப்பான் இயங்கவேண்டுமெனில் நிருவாகியின் அனுமதியுடன் ஒரு சிறு கட்டத்தில் அடையாளமிடவேண்டும். வந்தவர் அதற்குத் தமக்கு அதிகாரமில்லை என்று கூறிவிட்டாராம். அதற்கான கடிதத்தை நண்பர் அனுப்பியிருக்கிறார். அதுவரை, காலையில் பக்கத்து மேசைப் பெண் தன் வேலையை நிறுத்தி எட்டிப் பார்த்து, “இப்ப கேக்குது அண்ணை, அடியுங்கோ” என்கிறாள்.